பறவை இல்லாத வீடே ஏற்ற வீடு: மீட்கப்பட்ட கிளிகளின் இடைக்காலப் பராமரிப்பு

மீட்கப்பட்ட வளர்ப்புக் கிளிக்குப் பழைய உரிமையாளர் தெரியும்வரை, அல்லது புதிய உரிமையாளர் அமையும்வரை, காலவரம்புடன் ஒரு வீடு பொறுப்பேற்பதே இடைக்காலப் பராமரிப்பு. ஜொகூரில் இதற்கான தேவை பல பக்கமிருந்தும் வருகிறது. கூண்டிலிருந்து தப்பி அடுத்த தாமானின் கூரையில் களைத்து உட்காரும் காக்கட்டீல், வளர்த்தவர் இறந்தபின் பிள்ளைகளுக்குச் சுமையாகிவிட்ட ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் குடும்பத்தில் நாளெல்லாம் தனித்திருந்து இறகைப் பிய்த்துக்கொண்ட சன் கொன்யூர் என்று சிகிச்சையகங்களுக்கு வந்து சேர்பவை பலவகை. வெள்ளக் காலத்துத் தேவை தனி. 2006 டிசம்பரில் தொடங்கிய வெள்ளம் கோத்தா திங்கியையும், 2023 மார்ச் வெள்ளம் பத்து பகாட்டையும் சிகாமட்டையும் புரட்டிப் போட்டன. கைக்குழந்தைகளும் முதியவர்களும் நெருக்கியடித்துப் படுக்கும் நிவாரண மையம் கூண்டுப் பறவைக்கு ஏற்ற இடமல்ல.

இப்படி வரும் கிளியை "நிறையப் பறவை வளர்க்கும் அனுபவசாலி" ஒருவரிடம் ஒப்படைப்பதே வழக்கம். வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டால் அரை மணி நேரத்தில் அப்படி ஒருவர் கிடைத்துவிடுகிறார். வழக்கம் நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால் நோய்த்தடுப்புக் கண்ணோட்டத்தில் அதைவிட மோசமான தேர்வு அரிது. இருபது கிளிகள் உள்ள வீட்டைவிட, ஒரு பறவையும் இல்லாத, கற்றுக்கொள்ள மனமுள்ள வீடே தகுந்தது. கூண்டைத் துடைக்கவும் எடை பார்க்கவும் எவருக்கும் ஒரு மாலைப் பொழுதில் கற்றுத் தந்துவிடலாம். இருபது கிளிகளையும் கண்ணுக்குத் தெரியாத வைரஸிலிருந்து காப்பது அவ்வளவு எளிதல்ல.

வீட்டைத் தேடுமுன் இனத்தை உறுதிசெய்ய வேண்டும். பச்சையாக இருப்பதெல்லாம் வீட்டுப் பேச்சில் பச்சைக்கிளிதான். கழுத்தில் கறுப்பும் ரோசாவுமாக வளையம் தெரிந்தால் அது பெரும்பாலும் ரோசாவளையக் கிளியின் ஆண். பெட்டைக்கும் இளம் பறவைக்கும் அந்த வளையம் தெளிவாக இராது. சாம்பல் தலையும் ரோசா மார்பும் செம்மார்புக் கிளிக்குரியவை. கரும்பச்சை உச்சி, சிவந்த கன்னம், அலகுக்குக் கீழே கறுப்புப் பட்டை, நீண்ட வால் ஆகியவை சேர்ந்திருந்தால் அது மலாயில் பாயான் நூரி எனப்படும் நீள்வால் கிளி. இது தீபகற்ப மலேசியாவின் சொந்தக் காட்டுப் பறவை. உலக அளவில் அழியும் வாய்ப்புள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐயுசிஎன்) இதை வகைப்படுத்தியுள்ளது. செரிண்டிட் எனப்படும் சின்னஞ்சிறு தொங்கும் கிளியும் இந்த மண்ணுக்குரியதே. இவை வளர்ப்புப் பறவையாகக் கொண்டுவரப்பட்டாலும் தனியார் வீட்டுக்கு அனுப்பத் தக்கவையல்ல. வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு உடனே தெரிவித்து, அது சொல்லும் வழியில் நடக்க வேண்டும்.

அயல்நாட்டு இனங்களுக்கும் சட்டம் உண்டு. தீபகற்பத்தில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் (சட்டம் 716) அட்டவணைகளில் உள்ள இனத்தை வைத்திருக்க உரிமமோ சிறப்பு அனுமதியோ தேவை. உரிமம் ஒருவர் பெயரில் தரப்படுவது. கூண்டோடு சேர்ந்து அதுவும் கைமாறிவிடாது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையில் ஏறத்தாழ எல்லாக் கிளியினங்களும் இடம்பெறுகின்றன. பட்ஜி, காக்கட்டீல், ரோசாமுக லவ்பர்ட், ரோசாவளையக் கிளி ஆகியவை மட்டும் விலக்கு. 2016இல் ஜோகன்னஸ்பர்க் மாநாடு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை முதலாம் இணைப்புக்கு உயர்த்தியது. ஆகவே கால் வளையமோ ஆவணமோ இல்லாத சாம்பல் கிளியை ஏற்கும் சிகிச்சையகம், அன்றே பெர்ஹிலித்தானிடம் எழுத்துமூலம் தெரிவித்து நகலைக் கோப்பில் வைப்பது தற்காப்பு. 2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள விலங்கு நலச் சட்டமும் (சட்டம் 772) இங்கு நினைவில் இருக்க வேண்டும். "கொஞ்ச நாளைக்குத்தானே" என்பது பறவையைச் சரிவரப் பராமரிக்காததற்குச் சமாதானமாகாது.

பறவை இல்லாத வீட்டை வலியுறுத்துவதற்கு மூன்று நோய்கள் காரணம். கிளமிடியா சிட்டாசி நுண்ணுயிரால் வரும் கிளிக்காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். 1929-30இல் தென் அமெரிக்காவிலிருந்து விற்பனைக்குச் சென்ற கிளிகள் வழியாக அது பல நாடுகளில் பரவி உயிர்களைப் பறித்தது. நோய் தாங்கிய பறவை கிருமியை விட்டுவிட்டே வெளியேற்றும். பயணம், இடமாற்றம் போன்ற அழுத்தங்கள் அதைத் தூண்டும். மீட்பே அத்தகைய அழுத்தம்தான். எனவே வந்த நாளில் எடுத்த ஒரே மாதிரியில் கிருமி இல்லை என்று வந்தால் நிம்மதியடைய முடியாது. கண், அண்ணப்பிளவு, எச்சத்துளை மூன்றிலிருந்தும் துடைப்பு மாதிரி எடுத்து, சில வாரங்கள் கழித்து மறுபடியும் சோதிப்பதே முறை. சிகிச்சை தேவைப்பட்டால் டாக்சிசைக்ளின் 45 நாள் நீளும். வாய்வழி மருந்து தரும் நாட்களில் கணவாய் ஓடு உள்ளிட்ட சுண்ணாம்புச் சத்தைக் கூண்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். கால்சியம் மருந்து உட்கிரகிக்கப்படுவதைத் தடுக்கும். பராமரிப்பவர் வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல், கடும் தலைவலி, வறட்டு இருமல் வந்தால் கிளி இருப்பதை மருத்துவரிடம் தாமே சொல்ல வேண்டும். அவர் கேட்கமாட்டார்.

அலகு-இறகு நோயை உண்டாக்கும் சர்க்கோவைரஸ் இறகுத் தூசியிலும் எச்சத்திலும் வெகுகாலம் உயிர்ப்போடு இருக்கும். சாதாரணக் கிருமிநாசினிக்கு எளிதில் மசியாது. அறிகுறி இல்லாத பறவைக்கு முதல் சோதனையில் தொற்று தென்பட்டால் 90 நாள் கழித்து மறுசோதனை செய்ய வேண்டும். இடையில் சில பறவைகள் வைரஸை வென்றுவிடுவதுண்டு. மூன்றாவதான போர்னா வைரஸ், இரைப்பையை விரியச் செய்து பறவையை மெலியவைக்கும் நோயின் காரணி என 2008இல்தான் கண்டறியப்பட்டது. அறிகுறியின்றி ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கக்கூடிய அதை எந்தத் தனிமைக் காலமும் முழுமையாக வடிகட்டாது. இவற்றை நோக்க, 90 நாளையே இடைக்காலப் பராமரிப்பின் அளவாகக் கொள்வது பொருத்தம். மறுசோதனையும் அதற்குள் அடங்கும். பறவையை அடுத்து எங்கு அனுப்புவது என்ற முடிவைத் தள்ளிப்போடவும் இடமிராது. நீட்டிப்பு தேவையானால் அதைத் தனி முடிவாகவே எழுத வேண்டும்.

வீட்டைப் பார்வையிடும்போது முதலில் கவனிக்க வேண்டியது காற்று. காற்றுப்பைகளோடு இணைந்த பறவையின் நுரையீரல் நச்சுப் புகையை மிக விரைவாக உள்வாங்கும். ஒட்டாத பூச்சுள்ள வாணலி அடுப்பில் காய்ந்துபோனால் எழும் ஆவி சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். தமிழர் வீடானால் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, பக்கத்துச் சீனர் வீட்டில் ஏழாம் மாத ஊதுவத்தி, யார் வீடானாலும் கொசுவத்திச் சுருள். கூண்டு வைக்கும் அறைக்கு இவை எதுவும் எட்டக் கூடாது. டிங்கிக்காகப் புகையடிக்க வருகிறார்கள் என்ற அறிவிப்பு வந்தால் கூண்டை வேறு வீட்டுக்கு மாற்றிவிட வேண்டும். பாசிர் கூடாங்கில் 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டு 111 பள்ளிகள் மூடப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் புகைமூட்டமும் சூழ்ந்தது. அத்தொழிற்பேட்டை வட்டாரத்தில் இடைக்கால வீடு அமைப்போர் மாற்று வீடு ஒன்றையும் முன்கூட்டியே குறித்து வைப்பது நல்லது.

கூண்டு விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. சிறகை முழுதாக விரிக்க இடம் வேண்டும். துத்தநாகப் பூச்சு உரியும் மலிவான கம்பிக் கூண்டு வேண்டாம். கால் வைக்கும் தண்டுகள் ஒரே பருமனில் இருக்கக் கூடாது. இரவில் பத்து, பன்னிரண்டு மணி நேர இருட்டுத் தூக்கம் தேவை என்பதால், நள்ளிரவுவரை தொலைக்காட்சி ஓடும் கோண்டோ வரவேற்பறை ஒத்துவராது.

தீவனத்தில்தான் நல்லவர்களும் தவறுகிறார்கள். சூரியகாந்தி விதையை மட்டுமே தின்று வந்த கிளியைப் பார்த்ததும் அன்றே பெல்லட்டுக்கு மாற்றிவிடத் துடிக்கிறார்கள். அவ்விதையில் கொழுப்பு மிகுதி, வைட்டமின் ஏயும் கால்சியமும் குறைவு என்பது உண்மைதான். ஆயினும் பழகாத உருண்டையைக் கிளி உணவாகவே கருதாது. தட்டு நிறைந்திருக்கப் பட்டினி கிடக்கும். முதல் இரண்டு வாரம் பழைய தீவனமே இருக்கட்டும். தே தாரிக்கில் தோய்த்த ரொட்டியில் வளர்ந்த கிளிகளும் வருவதுண்டு. அதை மட்டும் முதல் நாளே நிறுத்தலாம். பிறகு பப்பாளி, பூசணி, முருங்கைக்கீரை, சிவப்பு மிளகாய் என்று சேர்த்து, விதையைப் படிப்படியாகக் குறைக்கலாம். அவகாடோவும் சாக்லேட்டும் நஞ்சு.

தீவன மாற்றம் சரியாகப் போகிறதா என்பதை எடைதான் சொல்லும். நோயை மறைப்பது இரையாகும் உயிரினங்களின் இயல்பு; இறகு உப்பி உட்காரும்போது நோய் முற்றியிருக்கும். தினமும் காலை முதல் எச்சம் போட்டபின், தீவனத்துக்கு முன், ஒரு கிராம் துல்லியமுள்ள தராசில் நிறுத்து எழுத வேண்டும். 90 கிராம் காக்கட்டீல் 9 கிராம் இழந்தால் அது பத்தில் ஒரு பங்கு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை. ஐந்து கிராம் தாண்டினால்தான் முள் அசையும் சமையலறைத் தராசு இதற்கு உதவாது. பராமரிப்பவரிடம் சிகிச்சையகம் கேட்டுப் பெற வேண்டிய முதன்மை ஆவணம் இந்த எடைத்தாள்தான். "நல்லா சாப்பிடுது" என்ற தொலைபேசிச் செய்தியைக் கோப்பில் சேர்க்க முடியாது.

பழக்கத்தைப் பொறுத்தவரை, கிளி ஒரே ஆளோடு ஒட்டிக்கொள்ளாமல் பார்ப்பது பராமரிப்பவரின் கடமை. சாம்பல் கிளியும் பெரிய காக்கட்டூவும் பல பத்தாண்டுகள் வாழ்பவை. அடுத்தடுத்துத் துணையை இழக்கும் கிளி கடிக்கும், கத்தும், இறகைப் பிடுங்கும். வீட்டில் குறைந்தது இருவர் மாறிமாறித் தீவனம் வைக்க வேண்டும். தலையையும் கழுத்தையும் மட்டும் வருடலாம். முதுகையும் சிறகுக்கு அடியிலும் தடவுவது இணைசேரும் உணர்வைத் தூண்டும். கையில் ஏறுவது, பயணக் கூண்டுக்குள் தானே நுழைவது இரண்டையும் கற்பித்துவிட்டால் அடுத்த வீட்டுக்குப் பெரும் உபகாரம். புதுச் சொற்கள் கற்றுத்தர வேண்டியதில்லை.

அது ஏற்கெனவே பேசும் சொற்களைப் பதிவுசெய்வதோ பயன் தரும். ஹொக்கியனில் சாப்பிட்டாயா என்று கேட்பதும், தமிழில் யாரையோ பெயர்சொல்லிக் கூப்பிடுவதும், மலாயில் சலாம் சொல்வதும் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதற்கான துப்பு. 2008இல் தோக்கியோவுக்கு அருகே நாகரேயாமாவில் பிடிபட்ட ஒரு சாம்பல் கிளி, காவல் நிலையத்தில் வாய் திறக்காமல் இருந்து, கால்நடை மருத்துவமனைக்கு வந்து சில நாட்களில் தன் பெயரையும் வீட்டு முகவரியையும் ஒப்பித்து வீடு திரும்பியது. புது இடத்தில் கிளி முதல் வாரம் பேசாது. அதனால் கைபேசிப் பதிவை இரண்டாம் வாரத்திலிருந்து தொடங்கினால் போதும். உரிமையாளரைத் தேடும் அறிவிப்பில் கால் வளைய எண்ணையும் பேசும் சொற்களையும் வெளியிடக் கூடாது. உரிமை கோரி வருபவர்தான் அவற்றைச் சொல்ல வேண்டும்.

உரிமையாளர் கிடைக்காத கிளியைப் பறக்கவிடுவது தீர்வாகாது. கைவளர்ப்புக் கிளி இரை தேடத் தெரியாமல் மடியும், பிழைத்தாலும் கேடுதான். கூண்டிலிருந்து தப்பியவையும் விடப்பட்டவையும் சிங்கப்பூரில் பெருகி, செம்மார்புக் கிளியும் தனிம்பார் காக்கட்டூவும் அங்கே நிலைத்துவிட்டன. மரப்பொந்துக்காக நீள்வால் கிளியோடு செம்மார்புக் கிளி போட்டியிடுகிறது. ஜொகூர் நீரிணை பறவைக்கு ஒரு தடையல்ல.

ஒப்படைப்பின்போது பராமரித்தவரே கிளியை வைத்துக்கொள்ள விரும்புவதுண்டு. அவரும் மற்றவர்களோடு வரிசையில் நின்று விண்ணப்பிப்பதே முறை; இல்லையேல் ஒவ்வொரு கிளிக்கும் ஓர் இடைக்கால வீடு கழிந்துபோகும், அதோடு "பறவை இல்லாத வீடு" என்ற தகுதியும் போகும். புதிய வீட்டுக்கு எடைத்தாள், சோதனை முடிவுகள், தீவனக் குறிப்பு, பெர்ஹிலித்தான் கடிதத்தின் நகல் ஆகியவை கிளியோடு போக வேண்டும். காலியான கூண்டை ஈரத்துணியால் தூசி பறக்காமல் துடைத்து, கழுவி, கிருமிநீக்கம் செய்து வெயிலில் காயவைக்க வேண்டும். மரத் தண்டுகளையும் கயிற்றுப் பொம்மைகளையும் எறிந்துவிட வேண்டும். முந்தைய கிளியின் இரண்டாம் சோதனை முடிவு கைக்கு வராமல் அந்த வீட்டுக்கு அடுத்த பறவையை அனுப்பக் கூடாது.