பாய்மரத் துளை சொல்லும் பாடம்

வயல் செய்து பிழைக்கும் எமக்குக் கப்பலைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. மீளக் குடியேறிய கிராமம் ஒன்றில், குழாய்க்கிணற்றுக் கைப்பம்பியைச் சுற்றியிருந்த சீமெந்து மேடை வெடித்திருந்தது. குளித்த நீரும் மாடு கழுவிய நீரும் அந்த வெடிப்பின் வழியே திரும்பவும் நிலத்துக்குள் இறங்கின. மூன்று தடவை மேலே சீமெந்து பூசினோம், மூன்று தடவையும் வெடித்தது என்றார்கள் ஊரவர்கள். பம்பியைப் பிடித்துப் பார்த்தேன். அது ஆடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பழைய பாய்க்கப்பல்கள் நினைவுக்கு வந்தன.

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்ற இரட்டைப் பாய்மரக் கப்பலை எம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் அதை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்தி, அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தார்கள். இதை நாம் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் அத்தகைய மரக்கப்பல் ஒன்று புயலில் தாக்குப்பிடிப்பது எப்படி என்று கேட்பவர் குறைவு.

பாய்மரத்தின் அடி மேற்றளத்தில் நிற்பதில்லை. அது தளத்திலுள்ள துளையால் உள்ளே இறங்கி, கப்பலின் முதுகெலும்பான ஏராவின் மேல் அமைந்த குழியில் நிற்கிறது. காற்று பாயைத் தள்ளும்போது மரம் முழுவதும் சாயப் பார்க்கும். அந்தத் தள்ளலைத் தாங்குவது தளத்துளை. எனவே துளையைச் சுற்றி, தளத்தைத் தாங்கும் வளைகளுக்கிடையில், தடித்த மரங்களை இறுக்கி வைப்பார்கள்.

துளை பாய்மரத்தைவிடச் சற்று அகலமாயிருக்கும். அந்த இடைவெளியில் சுற்றிவர மர ஆப்புகளை இறக்குவார்கள். ஒரு பக்கத்தை முழுதாக அடித்து முடித்துவிட்டு மறுபக்கம் போவதில்லை. எதிரெதிராக, சிறிது சிறிதாக அடிப்பார்கள். இல்லாவிட்டால் மரம் ஒருபுறம் தள்ளுண்டுவிடும். காய்ந்த ஆப்பு நனைந்தால் ஊதும் என்பதையும் கணக்கில் வைப்பார்கள்.

ஆப்பு ஆட்டத்தை அடக்கும், ஆனால் நீரைத் தடுக்காது. அதற்காகத் தார் பூசிய இரட்டுத் துணியைப் பாவாடைபோலச் சுற்றுவார்கள். துணியின் ஓரத்தை ஆப்புகளுக்கு மேலே மரத்தோடு இறுக்கிக் கட்டி, பின் அதைக் கீழே மடித்து விட்டு, மறு ஓரத்தைத் தளத்து வளையத்தில் அறைவார்கள். கட்டு துணிக்குள் மறைந்துவிடும். மரம் சிறிது அசைந்தாலும் துணி இளகிக்கொடுக்கும், கிழியாது. இன்றைய சிறிய பாய்ப்படகுகளில் மர ஆப்புக்குப் பதில் றப்பர்க் கட்டைகளும், துணிக்குப் பதில் றப்பர்ச் சுற்றும் வந்துவிட்டன. ஆயினும் முறை மாறவில்லை.

இங்கே வேலை இரண்டு. முதலாவது பிடித்து நிறுத்துவது, இரண்டாவது நீரைத் தடுப்பது. முதல் வேலைக்கு உறுதி வேண்டும், இரண்டாவதற்கு இளக்கம் வேண்டும். இரண்டையும் ஒரே பொருளிடம் ஒப்படைத்தால் இரண்டும் கெடும். எமது பம்பி மேடையில் நடந்தது அதுதான். ஆடும் பம்பியைச் சுற்றிச் சீமெந்து பூசினால் அது வெடிக்காமல் வேறென்ன செய்யும்? முதலில் பம்பியின் அடியைக் கிளப்பி உறுதியாக நிறுத்த வேண்டும். குழாயைச் சுற்றிக் களிமண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்க வேண்டும். அதன் பின்னரே மேடை. வெடிப்பு மேலே தெரிந்தாலும் அதன் காரணம் கீழேதான் இருக்கிறது.

குளக்கட்டும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. இரணைமடுவானாலும் வவுனிக்குளமானாலும் ஊர்ச் சிறுகுளமானாலும், கட்டை ஊடறுத்துப் போகும் துருசுதான் அதன் ‘பாய்மரத் துளை’. நீர் துருசுக் குழாயின் உள்ளே ஓடினால் பயிருக்கு நல்லது. குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி ஓடத் தொடங்கினால் மண்ணையும் அரித்துக்கொண்டு போகும். வெளிப்பக்கத்தில் கசிவு கலங்கலாக வந்தால் அது அபாய அறிகுறி. நாளைக்குப் பார்ப்போம் என்று விடாமல் கமக்காரர் அமைப்புக்கும் அதிகாரிகளுக்கும் அன்றே அறிவிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடல்நீரைவிட மழைநீரே மரத்தை அதிகம் உக்கச் செய்யும். பாய்மரம் முறிவது பெரும்பாலும் புயலில் என்றாலும், அதன் உக்கல் தொடங்குவது ஆப்புக்குள் தேங்கிய சிறு நனைவில். ஒருவரும் பார்க்காத இடத்தில், நல்ல காலநிலையில், மெதுவாக அது நடக்கிறது. ஆகவே துணியை அவிழ்த்து ஆப்புகளைப் பரிசோதிப்பது கப்பலோட்டியின் வழமையான கடமை.

திட்டங்கள் வரும்போது வீடுகளை எண்ணுகிறார்கள், கிணறுகளை எண்ணுகிறார்கள். பொருத்துகளை எண்ணுவார் இல்லை. மதிப்பீட்டில் அதற்கொரு வரியும் கிடையாது. கட்டியவர் போய்விடுகிறார், நீரைக் குடிப்பது எமது பிள்ளைகள். எனவே ஒப்பமிட்டுப் பொறுப்பேற்பதற்கு முன், பம்பியை ஆட்டிப் பாருங்கள். மேடையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, அது எங்கே போகிறது என்று பாருங்கள். கூரையை ஊடறுக்கும் கம்பத்தையும், தொட்டியைத் துளைக்கும் குழாயையும் பாருங்கள். கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் அல்ல.

1995இலும் 1996இலும், பின்னர் 2009 வரையும் எத்தனை தடவை இடம்பெயர்ந்தோம்! “இது எத்தனை நாளைக்கு?” என்ற எண்ணம் எமது கைகளைத் தளரச் செய்தது. அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் ஓடாவியை எண்ணிப் பாருங்கள். அவர் கட்டுவது ஓரிடத்திலும் நிலைத்து நில்லாத ஒன்றை. அப்படியிருந்தும் அந்தத் துளையில் அவர் அவசரப்படவில்லை. அசையப் போகிறது என்பதற்காகவே கூடுதல் கவனம் எடுத்தார். எமது குடிசைக்கும் கிணற்றுக்கும் அந்தக் கவனம் வேண்டாமா?