வாஷ் பேசினுக்குக் கீழே அலமாரி... நாமே செய்தால் தாங்குமா?

வாடிப்பட்டியில் வீடு கட்டுகிறவர்கள் டைல்ஸ் பார்க்க மதுரைக்குப் போனாலும் சரி, திண்டுக்கல்லுக்குப் போனாலும் சரி, கடைக்காரர் கடைசியாகக் கொண்டுபோய் நிறுத்துவது ஒரே இடத்தில்தான். வெள்ளை வெளேரென ஒரு வாஷ் பேசின், அதன் கீழே இரண்டு கதவு போட்ட அழகான பெட்டி. பெயர் 'வேனிட்டி கேபினெட்'. விலையைக் கேட்டதும், 'இதை நாமே செய்ய முடியாதா?' என்று தோன்றும். ராத்திரி யூடியூபைத் திறந்தால், எங்கோ வெளிநாட்டில் ஒருவர் பதினைந்தே நிமிடத்தில் செய்து முடித்துவிடுகிறார்.

செய்யலாம்தான். ஆனால், அந்த வீடியோவில் இருக்கும் பாத்ரூமைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தரை காய்ந்து கிடக்கும். குளியல் எல்லாம் கண்ணாடித் தடுப்புக்குள். நம் வீட்டில் வாளியும் மக்கும். ஒருவர் குளித்துவிட்டு வந்தால் தரை முழுக்கத் தண்ணீர், சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சோப்பு நுரை. வாரத்துக்கு ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவுவதும் உண்டு. காய்ந்த தரைக்காகப் போட்ட டிசைனை இங்கே கொண்டுவந்து தரையில் உட்கார வைத்தால், அடுத்த ஐப்பசி மழைக்குள் அடிப்பலகை ஊதிவிடும்.

அதனால் முதல் முடிவு இதுதான்: பெட்டி தரையைத் தொடக் கூடாது. சுவரில் தொங்க வேண்டும். கீழே எட்டு முதல் பத்து அங்குலம் இடைவெளி இருந்தால் வைப்பர் உள்ளே போய்வரும், காற்றும் ஓடும், கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

அடுத்தது மரம். மரக்கடையில் போய், "அண்ணே, வாட்டர் ப்ரூஃப் ஷீட் ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்டால், எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம். ஷீட்டில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். மெரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண் அது. துண்டை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் பசை விடாமல் நிற்கிறதா என்று சோதிக்கும் தரம். பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப். இரண்டும் பாத்ரூம் பக்கமே வேண்டாம். பி.வி.சி. போர்டு ஊறாது, கரையானும் தொடாது; ஆனால் அதில் ஸ்க்ரூ பிளைவுட் அளவுக்குப் பிடித்து நிற்பதில்லை. கதவுக்கு அது சரி, பேசினின் எடையைத் தாங்கும் உடம்புக்கு பிளைவுட்தான். தோப்பில் வெட்டிய பூவரசம் பலகை வீட்டில் கிடந்தால் அது அதிர்ஷ்டம். படகு செய்யப் பயன்பட்ட மரம் அது, ஈரத்துக்குச் சட்டென்று அசராது. நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

செலவைக் குறைக்க ஒரு கணக்கு. 24 அங்குல அகலம், 17 அங்குல ஆழம், 22 அங்குல உயரத்தில் பெட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம். பக்கப் பலகை இரண்டு, அடிப்பலகை ஒன்று, கதவு இரண்டு, குறுக்குப் பட்டி நான்கு. இத்தனையும் 18 மி.மீ. ஷீட்டில் பாதிக்குள், அதாவது நாலுக்கு நாலடிக்குள் அடங்கிவிடும். பின்பக்கம் பலகையே வேண்டாம். பைப்பைப் பார்க்க வழி வேண்டுமே. அளவைத் தாளில் வரைந்து கொடுத்தால் மெஷின் வைத்திருக்கும் கடைகளில் நேராக அறுத்தே தருவார்கள். எட்டடி ஷீட்டுக்குக் குட்டி யானை பிடிக்கும் வாடகையும் மிச்சம்.

இனிதான் உண்மையான வேலை. பிளைவுட்டின் முகத்தில் தண்ணீர் பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அறுத்த விளிம்பு இருக்கிறதே, அதுதான் எமன். பஞ்சுபோல உறிஞ்சும். பொருத்துவதற்கு முன்பே ஒவ்வொரு விளிம்பையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னர் கலந்து நீர்க்கவைத்த பிரைமரை அது குடிக்கும் வரை தடவுங்கள். காய்ந்ததும் மறுபடி. பலரும் மறப்பது மூன்று இடங்கள்: அடிப்பலகையின் கீழ்ப்பக்கம், கதவின் அடி விளிம்பு, பைப்புக்காகப் போட்ட ஓட்டையின் உள்வட்டம். வெளியே பளபளவென்று மைக்கா ஒட்டிவிட்டு இந்த மூன்றையும் பச்சையாக விட்டுவிட்டால், காசைத் தண்ணீரில் போட்ட மாதிரிதான். மைக்காவை ஒரு பக்கம் மட்டும் ஒட்டுவதும் தப்பு, பலகை வளைந்துவிடும். உள்பக்கமும் மெல்லிய ஷீட் ஒட்ட வேண்டும்.

மைக்கா வேண்டாம், பெயின்ட்தான் என்றால் பிரைமருக்கு மேல் இரண்டு கோட் எனாமல். ஒவ்வொரு கோட்டும் ஒரு ராத்திரி காயட்டும். நடுவில் 320 நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தடவல். மர நிறம் தெரிய வார்னிஷ் அடிக்கிறவர்கள் மழைநாளைத் தவிர்க்கலாம். ஈரக்காற்றில் லாக்கர் வகைகள் பால் ஊற்றினாற்போல வெளுத்துப்போகும். கீல், ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இதில் மிச்சம் பிடித்தால் துருக்கறை வெள்ளைக் கதவில் வழிந்து நிற்கும்.

சுவரில் மாட்டும்போது அவசரம் கூடாது. வீட்டுப் பெரியவர்கள் தடுமாறினால் கை முதலில் தேடுவது பேசினைத்தான். அவர்கள் எடையும் அந்தப் பெட்டியில்தான் இறங்கும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்றால் பயமில்லை. நாலரை அங்குலச் சுவர், ஹாலோ பிளாக் என்றால் கொத்தனாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எதுவானாலும், போல்ட் டைல்ஸைத் தாண்டிச் சுவருக்குள் ஆழமாக இறங்க வேண்டும். அடியில் இரண்டு எல் ஆங்கிளும் கொடுப்பது நல்லது. டிரில் போடுமுன் குழாய்க்கு நேர் மேலேயும் கீழேயும் தவிர்த்துவிடுங்கள், சுவருக்குள் பைப் ஓடும்.

உயரம்? பேசினின் மேல்விளிம்பு தரையிலிருந்து 32, 33 அங்குலம். கல்லின் மேல் உட்காரும் கிண்ண மாடல் என்றால் அந்தக் கிண்ணத்தின் உயரத்தைக் கழித்துக்கொண்டு கல்லைக் கீழே இறக்க வேண்டும். இதை விட்டுவிட்டால், பல் துலக்க வீட்டுக் குழந்தைக்கு முக்காலி போட வேண்டிவரும். மேலே கிரானைட்தான் வேண்டும் என்பதில்லை, பழைய கடப்பா கல் துண்டே போதும். கல்லும் சுவரும் சேரும் இடத்தில் சிலிக்கான் பூசி, ஒருநாள் தண்ணீர் படாமல் விடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோப்பு, ஷாம்புவை உடனே உள்ளே அடுக்க வேண்டாம். அடிப்பலகையில் ஒரு நியூஸ்பேப்பரை விரித்து வைத்துவிட்டு, ஒரு வாரம் காலையும் மாலையும் கதவைத் திறந்து பாருங்கள். தாளில் வட்டமாக ஈரம் தெரிந்தால், அதற்கு நேர் மேலே உள்ள நட்டை இன்னும் அரைச் சுற்று முறுக்க வேண்டும்.