வீட்டுத் தோட்டம்: மரத்தில் எறும்பு ஏறினால்...

கொய்யா, எலுமிச்சை, சீத்தா என்று வீட்டோடு ஒரு பழ மரம் வைத்திருக்கிற சகோதரிகள் அடிக்கடி சொல்லும் குறை இது: "பிஞ்சு விட்டதும் மரம் பூரா எறும்பு!" உடனே எறும்புப் பொடி வாங்கி மரத்தைச் சுற்றிக் கொட்டி விடுகிறோம். இரண்டு நாள் எறும்பைக் காணோம். அப்புறம் பழையபடி வரிசை கட்டிக் கொண்டு ஏறுகிறது.

எறும்பு மரத்தைத் தின்ன வரவில்லை, தித்திப்புக்கு வருகிறது. இலையைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு ஒட்டினாற்போல மாவுப்பூச்சி இருக்கும். இல்லாவிட்டால் கொழுந்தில் அசுவினியோ, கிளையில் செதில் பூச்சியோ இருக்கும். இவை மரத்தின் சாற்றை உறிஞ்சி, தேன் மாதிரி ஒரு நீரைக் கழிக்கின்றன. அதைக் குடிக்கிற எறும்பு, கறவை மாட்டை நாம் காப்பது போல இந்தப் பூச்சிகளைக் காவல் காக்கிறது. அவற்றைத் தின்ன வரும் பொறிவண்டைக் கடித்து விரட்டி விடுகிறது.

பொறிவண்டு போன்ற சின்ன ஜீவன்களை லேசாக நினைக்காதீர்கள். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் புதிதாக ஒரு மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் பாழாக்கியது. எத்தனை மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து, கடுகைவிடச் சின்னதான ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டு வந்து விட்டார்கள். அதுதான் அந்தப் பூச்சியை அடக்கியது. மரத்தடியில் மருந்தைக் கொட்டி, தூவி வைத்தால் இப்படிப்பட்ட நல்ல பூச்சிகளும் சேர்ந்து சாகும்.

அதைவிடப் பெரிய கவலை குழந்தைகள். போன மாதம் நாட்றம்பள்ளியில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் வீட்டுக்காரர் வாணியம்பாடி தோல் ஷாப்புக்குக் காலையில் போனால் இருட்டித்தான் வருவார். அதுவரை பிள்ளைகளுக்குக் கொய்யா மரத்தடிதான் எல்லாம். நாத்தனார் பொடிப் பாக்கெட்டைப் பிரித்துக் கொண்டே, "அண்ணி, இதைப் போட்டா ஒரே நாள்ல போயிடுமாம்" என்றாள்.

"போகும்மா. ஆனா சின்னவ இந்த மண்ணைத்தானே அள்ளி வாயில போடறா?" என்றேன். ஒன்றரை வயசுக் குழந்தை. பாக்கெட்டை மடித்துப் பரண்மேல் வைத்து விட்டாள்.

முன்பு வீட்டுக்கு வீடு இருந்த பி.எச்.சி. பொடியை 1997-லேயே அரசாங்கம் தடை செய்து விட்டது. இப்போது கிடைப்பது வேறு. அதுவும் விஷந்தான். எறும்பு சாக்பீஸை மிட்டாய் என்று கடிக்கிற குழந்தைகள் உண்டு. அப்படி ஆகிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயைத் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மருந்துப் பாக்கெட்டையும் எடுத்துக் கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, மரத்துக்கு என்ன செய்வது? முதலில் எறும்பின் வழியை அடைக்க வேண்டும். அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய துணியை இறுக்கிச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளைக் கட்டி, அதன்மேல் சைக்கிள் கடை கிரீஸைத் தடவுங்கள். பட்டையில் நேராகத் தடவினால் மரத்துக்குக் கெடுதல். தூசி படிந்தால் கிரீஸ் உதவாது; பத்து நாளுக்கொரு முறை புதிதாகத் தடவ வேண்டும். நாத்தனார் வீட்டில் இவ்வளவும் செய்து முடித்து நிமிர்ந்தால், எறும்பு துணிக்கொடி வழியாக ஜம்மென்று போய்க் கொண்டிருக்கிறது! கொடியின் ஒரு முனையை மரத்தில் கட்டியிருந்தார்கள். கொடியை அவிழ்த்து, மதில்மேல் சாய்ந்த இரண்டு கிளைகளையும் வெட்டின பிறகுதான் வழி அடைபட்டது.

பிறகு மாவுப்பூச்சி. அதிகம் அப்பிய நுனிகளை வெட்டி சோப்புத் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மற்ற இடங்களில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீச்சினாலே பாதி உதிரும். அப்புறம் 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும், அது கலக்கிற அளவுக்குக் கொஞ்சம் சோப்புக் கரைசலும் சேர்த்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். முதலில் ஒரு கிளையில் தெளித்து, இலை கருகுகிறதா என்று இரண்டு நாள் பாருங்கள். வாரம் ஒரு தடவையாக மூன்று நான்கு தடவை வேண்டும். பொறுமைதான் கஷ்டம்! பழத்தைக் கழுவித்தான் தின்ன வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

மஞ்சள் பொடி தூவலாமே என்பார்கள். அடுக்களை அலமாரிக்குச் சரி. மரத்தடியில் ஒரு மழைக்குத் தாங்காது. வெந்நீர் ஊற்றுவது மகா தப்பு. வேர் வெந்து போகும்.

மாமரத்தில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் சிவப்பு முசுறு வேறு ரகம். கடி பொல்லாதது. ஆனால் புழு பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். சீனாவில் 1,700 வருஷத்துக்கு முன்பே ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இதன் கூட்டை விலைக்கு வாங்கி மரத்தில் கட்டினார்களாம். ஆகவே, உச்சாணிக் கிளையில் இருந்தால் விட்டு விடுங்கள். பிள்ளைகள் ஏறுகிற உயரத்தில் கட்டினால் மட்டும், விடியற்காலையில் பெரியவர்களை விட்டுக் கிளையோடு வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

இலையில் கரி பூசினாற்போல் கறுப்புப் படிந்திருந்தால், அது அந்தத் தேன் நீரில் படரும் பூசணம். 50 கிராம் மைதாவை 1 லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து வடிகட்டி, நல்ல வெயில் நாளில் தெளியுங்கள். காய்ந்ததும் கறுப்பு, ஏடு ஏடாக உரிந்து விழும்.