நம் ஊர் ஓவியரை நாம் அறிவோமா?

“உள்ளூர் மாடு விலைபோகாது” என்பார்கள் பெரியோர்கள். மாட்டைப் பற்றிப் பிறந்த பழமொழிதான். ஆனால் நம் சென்னையின் ஓவியர்களுக்கும் புகைப்படக் கலைஞர்களுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. மோனாலிசாவை வரைந்தவர் யார் என்று கேட்டால் எங்கள் வகுப்பில் அத்தனை கைகளும் உயரும். ஒருநாள் எங்கள் ஓவிய ஆசிரியை, மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் யார் என்று கேட்டார். ஒரு கைகூட உயரவில்லை. அந்தச் சிலையின் அருகே அமர்ந்து எத்தனையோ முறை சுண்டல் தின்றவர்கள் நாங்கள்! அன்று எங்களுக்கு ஏற்பட்ட வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

2017-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் சென்னையைப் படைப்பாக்க நகரங்களின் வரிசையில் சேர்த்தது. நம் நகரின் இசைக்குக் கிடைத்த பெருமை அது. மகிழ்ச்சிதான். ஆனால் காதுக்கு விருந்து வைக்கும் இந்நகரம் கண்ணுக்கும் இலை போட்டு வைத்திருக்கிறது. நாம்தான் இன்னும் பந்தியில் உட்காரவில்லை என்பது எங்கள் கருத்து.

உழைப்பாளர் சிலையை வடித்தவர் தேவி பிரசாத் ராய் சௌதுரி. வங்காளத்திலிருந்து வந்து, 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். சிலை 1959-இல் திறந்து வைக்கப்பட்டது. பாறையை நெம்பும் அந்த நான்கு மனிதர்களைச் செய்ய, பள்ளியின் இரவுக் காவலாளி ஒருவரும் மாதிரியாக நின்றார் என்பர். அரசர்களுக்கும் தலைவர்களுக்கும் சிலை வைக்கும் கடற்கரையில் ஒரு காவலாளியின் தோளும் முதுகும் வெண்கலமாக நிற்கின்றன! இது தெரிந்த பின் அவ்வழியே செல்லும்போது நாங்கள் பேருந்தின் சன்னலோரத்துக்குப் போட்டியிடுகிறோம்.

அந்தக் கலைப் பள்ளி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டது. அவரே 1856-இல் சென்னையில் புகைப்படச் சங்கம் ஒன்று உருவாகவும் முன்னின்றார். ஆக, நம் ஊரில் தூரிகையும் காமிராவும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் எனலாம். இன்று பெரியமேட்டில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குவது அப்பள்ளியே. அங்கே பயின்றவர் கே. எம். ஆதிமூலம். 1969-ஆம் ஆண்டு, காந்தி நூற்றாண்டின்போது, அவர் பேனா மையால் வரைந்த காந்தியடிகளின் படங்கள் புகழ்பெற்றவை. அங்கே முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கர் 1966-இல் தம் மாணவர்களோடும் நண்பர்களோடும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். ‘படம் விற்றுப் பிழைக்க முடியுமா?’ என்ற கேள்வி அவர்களுக்கும் இருந்தது. அவர்கள் பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்றார்கள். சேர்ந்த பணத்தில் மணல்வெளியை வாங்கிக் குடியேறினார்கள். கைத்தொழில் சோறு போட்டது. கலை தலை நிமிர்ந்து நின்றது.

கலை காண அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. இந்திரா நகர் இரயில் நிலையத்தின் நீண்ட சுவரைப் பாருங்கள். ‘ஏ-கில்’ என்ற புனைபெயர் கொண்ட சென்னை ஓவியர், 2021-இல் மற்றோர் ஓவியருடன் சேர்ந்து அதில் மனித முகங்களாகவே தீட்டினார். எச்.ஐ.வி. உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதே அச்சுவர் நமக்குச் சொல்லும் பாடம். துரைப்பாக்கத்தை அடுத்த கண்ணகி நகரிலும் 2020-இல் அடுக்குமாடிச் சுவர்கள் ஓவியங்களாயின. நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் வாழும் இடம் அது.

“சுவரில் வண்ணம் பூசினால் குழாயில் தண்ணீர் வருமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வராதுதான். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளித்தவர்கள் இன்று படம் பார்க்க அங்கே போகிறார்கள். போகிறவர் கண்ணில் குழாயும் படும் அல்லவா?

மறைக்காமல் காட்டும் கலையும் உண்டு. மதுரைப் பக்கத்தில் மீன் விற்கும் தாயின் மகனாக வளர்ந்தவர் எம். பழனிகுமார். கடன் வாங்கிக் காமிரா வாங்கியவர். மலக்குழிகளில் இறங்கும் தொழிலாளர்களையும், அவர்களை இழந்த குடும்பங்களையும் படமெடுத்து, நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடத்தில் நம்மை நிறுத்தினார். ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் காமிரா பிடிக்கக் கற்றுத் தந்திருக்கிறார். அழகானதைக் காட்டுவது மட்டும் கலையன்று என்பதை இவரது படங்களால் அறிந்தோம்.

இனி எங்கள் குற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு விழாவின் நன்றியுரையை எழுதியவர்கள் நாங்கள். பந்தல்காரர், ஒலிபெருக்கிக்காரர், காபி தந்தவர் என எல்லோருக்கும் நன்றி சொன்னோம். மேடையின் பின்திரையை இரண்டு இரவுகள் கண்விழித்து எழுதியவரை மறந்தோம். பிறகுதான் தெரிந்தது, அவர் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை! கையகலப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதை இருபதடி உயரத் திரைப்பட பேனராக எழுதியவர் அவர். பிளெக்ஸ் அச்சு வந்ததும் அந்த வேலை போய், இப்போது கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறார். தோழி இதை எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. “எங்கப்பா பெயின்டர்னு சொன்னா நீங்க சிரிப்பீங்கன்னு பயந்தேன்” என்றாள். சிரித்திருப்போமோ? ‘இல்லை’ என்று உறுதியாகச் சொல்ல எங்களால் முடியவில்லை.

எனவே, தோழியரே! தெருவில் ஒரு படம் கண்ணில் பட்டால் மூலையில் கையொப்பம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் விசாரித்துப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்புள்ள பெற்றோரே! மகள் படம் வரைந்தால், “படிக்கிற வேலையைப் பார்” என்று உடனே நோட்டைப் பிடுங்காதீர்கள். ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். மதிப்பிற்குரிய அருட்சகோதரியரே! தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவது ஓவிய வகுப்பு. அதை எங்களுக்கு விட்டுவையுங்கள். ஆண்டுக்கொரு முறை கவின்கலைக் கல்லூரிக்கோ சோழமண்டலத்துக்கோ எங்களை அழைத்துச் செல்லுங்கள்.

இவ்வாண்டும் பின்திரை எழுதுபவர் அவரே. நன்றியுரையில் அவர் பெயர் முதலாவதாக வரும். அதை வாசிக்க எங்கள் தோழியே ஒப்புக்கொண்டிருக்கிறாள்.