எலிக்கும் சட்டமா?

“மனுசனே கருகிச் சாகுற ஊர்ல, எலி வலியில்லாமச் சாகணும்னு எழுதப் போறியாக்கும்?” சாத்தூர் டீக்கடையில் நண்பன் கேட்டான். சிவகாசிப் பக்கம் பிறந்த யாருக்கும் இது நியாயமான கேள்வியாகத்தான் படும். எனக்குப் படவில்லை.

2009-இல் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். தவளை அறுக்கும் நாளில் குளோரோஃபார்ம் பஞ்சு போட்ட ஜாடிக்குள் தவளைகளை மொத்தமாகப் போட்டு மூடினார்கள். எவ்வளவு நேரம் என்று யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி வயிற்றைத் திறந்த பிறகு, என் தவளை பின்னங்காலை இழுத்தது. “சார், உசுரு இருக்கு.” “அது ரிஃப்ளெக்ஸ்ப்பா, அறு.” ரிஃப்ளெக்ஸாகவே இருந்திருக்கலாம். ஆனால் அவரும் சோதிக்கவில்லை, நானும் சோதிக்கவில்லை. அறுத்தேன். மார்க் கிடைத்தது.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்று: ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதன் தொடர்ச்சியாக வந்த 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு இதையெல்லாம் முன்பே பேசிவிட்டது. புத்தகம், மாதிரி உருவம், படம் போதுமென்றால் கல்லூரியில் விலங்கைத் தொடாதே. வெறும் கைப்பழக்கத்துக்காகச் சோதிக்காதே. மயக்கத்தில் சோதித்த விலங்கு தேறினால் கடுமையாக வதைபடும் என்றால், உணர்வு திரும்புமுன் கொன்றுவிடு. பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் வகுப்பில் அறுப்பதைக் குறைக்கச் சொன்னது 2011-இல், நிறுத்தச் சொன்னது 2014-இல். சட்டம் வந்து 54 வருடம் கழித்து.

மருந்து ஆய்வுக்கூடங்களில் எலிகள் இன்றும் சாகின்றன. அதற்கான விதிகள் துல்லியமானவை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டியின்படி, கரியமில வாயு நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம் வரை நுழைய வேண்டும். 20 லிட்டர் பெட்டி என்றால் 6 முதல் 14 லிட்டர். முன்பே வாயு நிரப்பிய பெட்டிக்குள் எலியைப் போடக் கூடாது. மூச்சு நின்றதோடு விடாமல் சாவை உறுதிசெய்ய வேண்டும். மற்ற விலங்குகளின் கண்முன் கொல்லக் கூடாது என்பது நம் நாட்டு விதியிலும் உண்டு.

பட்டாசு ஆலையிலும் விதிக்குக் குறைவில்லை. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் கூடாது, இத்தனை கிலோ மருந்துக்கு மேல் கூடாது. முதலிப்பட்டி 2012, அச்சங்குளம் 2021. ஒவ்வொரு முறையும் நாம் கேட்டது, கூடுதல் ஆள், கூடுதல் மருந்து என்ற அதே பேச்சுதான். “ஒண்ணும் ஆகாதுப்பா, வேலையப் பாரு” என்று அங்கே சொல்வதும், “ரிஃப்ளெக்ஸ்ப்பா, அறு” என்று லேபில் சொன்னதும் ஒரே அலட்சியம். தட்டில் கிடப்பதும் ரூமில் உட்கார்ந்திருப்பதும் திருப்பிக் கேட்க முடியாத உயிர்கள். அந்தத் தைரியத்தில் வரும் அலட்சியம் அது.

நான் சைவம் இல்லை. விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்கு இன்னொரு கரண்டி சால்னா கேட்பவன். ஆராய்ச்சியே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கொல்வதானால் முறையாகக் கொல்லுங்கள், செத்ததா என்று பாருங்கள் என்கிறேன். விலங்குச் சோதனை நடக்கும் நிறுவனங்களில் நெறிமுறைக் குழு உண்டு. அதில் விஞ்ஞானி அல்லாத ஒருவரும் உட்கார வேண்டும். அந்த நாற்காலி கையெழுத்துப் போட மட்டும்தானா? கொன்றவருக்குப் பயிற்சி உண்டா, நேரம் பார்த்தது யார், சாவை உறுதிசெய்தது யார் என்று அவர் கேட்கட்டும். லேபில் படிக்கும் தம்பி தங்கைகளும் கேளுங்கள்.

நண்பனுக்கு என் பதில் இதுதான்: எலிக்குக் கடிகாரம் பார்க்கப் பழகிய ஊரில், ரூமுக்குள் ஐந்தாவது ஆள் நுழையும்போதும் எண்ணிப் பார்க்க ஒருத்தர் இருப்பார்.