டீசலில் தண்ணீர்: "விட்டுடுங்க டீச்சர்" என்பவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் விட்டுவிட்டு கைகூப்பும் படம் போடாதீர்கள், முழுதும் படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை விடிகாலை அக்காவை டயாலிசிஸுக்கு மதுரைக்கு அழைத்துப் போனோம். வாரம் இரண்டு முறை போகிறோம். ஆறரை மணிக்கு மிஷின் ஒதுக்கியிருப்பார்கள். காரியாபட்டி தாண்டியதும் வண்டி உதற ஆரம்பித்தது. மீட்டர் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. என் வீட்டுக்காரர், "மதுரை போய்ப் பார்த்துக்கலாம்" என்று இன்னும் நாலு கிலோமீட்டர் ஓட்டினார். அது எங்கள் தவறு, மறைக்கவில்லை. பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தாலும் வேகம் ஏறவில்லை. ரோட்டோரத்தில் நின்றே போய்விட்டது. கால் வீங்கி, மூச்சு வாங்கும் அக்காவைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரி போய்ச் சேர எட்டேகால். மிஷினில் வேறு ஆள் இருந்தார். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் இடம் கிடைத்தது. அதுவரை அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று.

ஒர்க்‌ஷாப்பில் டேங்க்கைக் கழற்றி வடித்தார்கள். முப்பது லிட்டர் போல வந்தது. அதில் இரண்டரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். நாலு இன்ஜெக்டர், ஒரு பம்ப், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 86,400 ரூபாய். என் இரண்டு மாதப் பென்ஷனைத் தாண்டும்.

முந்தின நாள் இரவு ஒரு பங்க்கில் 2,500 ரூபாய்க்கு டீசல் போட்டிருந்தோம். பெயர் சொல்லப் போவதில்லை. இன்னும் நிரூபணம் ஆகவில்லை. சந்தேகம் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன் இரண்டு நாள் நல்ல மழை. நாங்கள் போனபோது டேங்கர் லாரி அப்போதுதான் லோடு இறக்கிவிட்டுக் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தது. அதே ஒர்க்‌ஷாப்பில் அதே கோளாறோடு ஒரு லோடு வண்டியும் நின்றது. அந்த டிரைவரும் அதே இரவு அதே பங்க்கில் போட்டவர்.

பங்க்கில் போய்க் கேட்டோம். "மழைல உங்க டேங்க் மூடி வழியா தண்ணி போயிருக்கும்மா" என்றார்கள். கார் ஷெட்டுக்குள் நிற்கிறது. மூடி வழியாக இரண்டரை லிட்டர் போக வேண்டுமென்றால் குடத்தில் மொண்டுதான் ஊற்ற வேண்டும்.

அடுத்து, "டென்சிட்டி பாருங்க, கரெக்டா இருக்கு" என்று கண்ணாடி ஜாடியையும் ஹைட்ரோமீட்டரையும் கொண்டுவந்து காட்டினார்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஐந்தாம் வகுப்பில் உங்களுக்கு என்ன சோதனை செய்து காட்டினேன்? தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. டீசல் சுமார் 830 கிராம்தான். அதனால் பங்க்கின் பூமிக்கடி டேங்க்கில் தண்ணீர் புகுந்தால் அது அடியில் போய் உட்காரும். உறிஞ்சும் குழாயின் வாய் தரையிலிருந்து கொஞ்சம் மேலே இருப்பதால் சாதாரண நாளில் வராது. நீர்மட்டம் ஏறினாலோ, லாரி இறக்கி அடி கலங்கியிருக்கும்போது விற்றாலோ வரும். மூன்று நாள் கழித்துத் தெளிந்த டீசலில் டென்சிட்டி பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். அந்த இரவில் என்ன வந்தது என்பதற்கு அது பதிலாகுமா?

தண்ணீரைக் கண்டுபிடிக்க வேறு முறை இருக்கிறது. அளவுகோல் நுனியில் ஒரு பசையைத் தடவி டேங்க் அடி வரை இறக்குவார்கள். தண்ணீர் பட்ட இடத்தில் நிறம் மாறும். காசு பெறாத வேலை. தினமும் காலையில் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். லாரியில் வந்த டீசலின் மாதிரியும் சீல் வைத்து இருக்க வேண்டும். இரண்டையும் கேட்டேன். "ஓனர் ஊர்ல இல்ல" என்றார்கள். பதிவேடும் ஓனரோடு ஊருக்குப் போய்விட்டதா?

"பழைய காலத்து அம்பாசடர்ல தண்ணி கலந்தாலும் இருமிக்கிட்டே ஓடும்" என்று சித்தப்பா சொன்னார். உண்மைதான். இப்போதைய காமன் ரெயில் வண்டியில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேல் அழுத்தத்தில் போகிறது. கார் டயரில் இருப்பது சுமார் இரண்டு பார். அந்தப் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலேதான் மசகு. அந்த இடத்தில் தண்ணீர் போனால் உலோகத்தோடு உலோகம் உரசும்.

இனி நீங்கள் சொன்னவற்றுக்கு வருகிறேன். குடும்ப வாட்ஸப் குழுவில் பதினாலு பேர் "விடு" என்றீர்கள். அக்கா மகனே, "சித்தி, வக்கீலுக்குக் குடுக்கிற காசுக்கு இன்னொரு இன்ஜெக்டர் வாங்கலாம்" என்றான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். முதலில் 1915க்குப் பேசிப் புகாரைப் பதிந்துவிட்டேன்.

இன்னொரு பேச்சுதான் என்னை உறுத்தியது. அந்தப் பங்க்கில் வேலை பார்ப்பவர்களில் ஒருவன் என்னிடம் படித்தவன். "பாவம் டீச்சர், அவன் வேலை போயிரும்" என்று நாலு பேர் போன் செய்தீர்கள். அவன் டீசல் பிடித்து விடுகிறவன். பூமிக்கடி டேங்க்குக்கு அவன் எப்படிப் பொறுப்பாவான்? என் புகாரில் அவன் பெயர் இல்லை, வரவும் விடமாட்டேன். நான் வாயை மூடிக்கொண்டால் அடுத்த லோடு வண்டிக்காரர் சட்டையைப் பிடிக்கப்போவது அவனைத்தான், ஓனரை அல்ல.

2005 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் மஞ்சுநாத் சண்முகம் என்ற இந்தியன் ஆயில் அதிகாரியைச் சுட்டுக் கொன்றார்கள். கோலார் தங்கவயல் பிள்ளை, வயது 27. கலப்படம் செய்த பங்க்கை மூட வைத்ததுதான் குற்றம். 2011 ஜனவரியில் மன்மாட் அருகே யஷ்வந்த் சோனாவனே என்ற கூடுதல் மாவட்ட ஆட்சியரை எண்ணெய்க் கலப்படக் கும்பல் எரித்துக் கொன்றது. என் விஷயம் அந்த மாதிரி மண்ணெண்ணெய்க் கலப்படம் என்று சொல்லவில்லை. அலட்சியமாகவே இருக்கலாம். ஆனால் உயிரைக் கொடுத்துக் கேட்டவர்கள் இருந்த நாட்டில், ஒரு மனு எழுதக்கூட நமக்குச் சோம்பல்.

என் பக்கத்து ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன். பில் வாங்கவில்லை. ஜீபே பண்ணிய பதிவு மட்டும் நேரத்தோடு இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் வடித்த டீசலைக் கீழே ஊற்றப் போனபோதுதான் நான் போய்ச் சேர்ந்தேன். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, துடைத்து, அரை லிட்டர் பிடித்து வைத்தேன். இரண்டு பேரைச் சாட்சி வைத்து சீல் பண்ணியிருக்க வேண்டும், தோன்றவில்லை. பாட்டில் பூஜை அறை ஷெல்ஃபில் இருக்கிறது. அடியில் இரண்டு விரல்கடை தண்ணீர் தெளிவாகத் தெரிகிறது. "உங்க வீட்டுத் தண்ணிய ஊத்திருப்பீங்க" என்று எதிர்த்தரப்பில் சொல்லலாம். சொல்லட்டும், அந்த லோடு வண்டி டிரைவர் சாட்சி சொல்ல வருகிறேன் என்றிருக்கிறார்.

ஆகவே ஒரு உதவி. அன்று திங்கட்கிழமை இரவு எட்டிலிருந்து பத்து மணிக்குள் எங்கள் ஊர்ப் பக்கம் டீசல் போட்டு வண்டி படுத்தவர்கள் யாராவது இருந்தால் இன்பாக்ஸில் வாருங்கள். எந்தப் பங்க் என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள், நான் சொல்லித்தந்த மாதிரி இருக்க வேண்டாம். ஒர்க்‌ஷாப் பில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

வண்டி இன்னும் ஒர்க்‌ஷாப்பில்தான் நிற்கிறது. வெள்ளிக்கிழமை அக்காவுக்கு அடுத்த டயாலிசிஸ். வாடகைக் கார் சொல்லியிருக்கிறோம்.