பூட்டினால் இறக்க முடியாத வில்

அடையாறில் நாங்கள் பயிற்சி தரும் மைதானத்துக்குப் போன மாதம் ஒரு தந்தை அட்டைப்பெட்டியோடு வந்தார். தி. நகர்க்காரர். மகனுக்குப் பதினான்கு வயது. பத்து மாதமாக எங்களிடம் ரீகர்வ் பழகுகிறான். பெட்டிக்குள் இருந்தது கிராஸ்போ, அதாவது குறுக்குவில். "சார், இதுல சீக்கிரம் குறி வந்துடுமாமே, இதையே பழக்கிவிடுங்களேன்" என்றார். மயிலாப்பூரிலும் திருவான்மியூரிலும் பழக்கும் நண்பர்களுக்கும் இதே கேள்வி வருகிறது. அதனால் இந்த இதழில் அதையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் அன்று நடந்தது. அந்தத் தந்தை முன்வளையத்தில் காலை ஊன்றி, கயிற்றுக் கொக்கியால் நாணை இழுத்துப் பூட்டினார். குறி பார்க்கும்போது அவருடைய இடது கட்டைவிரல் நாண் ஓடும் பாதைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. தட்டிவிட்டேன். இல்லையென்றால் விரல் நுனி போயிருக்கும். பத்து மீட்டரில் விட்ட அம்பு வைக்கோல் பலகையில் இறகுவரை புதைந்தது. பிடுங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. மறுபடி பூட்டிய நேரத்தில் பலகைக்குப் பின்னாலிருந்த கதவைத் திறந்துகொண்டு காவலாளி வந்துவிட்டார். கையில் வில் இருந்திருந்தால் நாணை மெல்ல முன்னால் விட்டு இறக்கியிருப்போம். இதில் அந்த வழி இல்லை. அவர் நகரும்வரை காத்திருந்து, மணற்குவியலில் ஓர் அம்பை எய்துதான் நாணை விடுவித்தோம். பெரும்பாலான கிராஸ்போக்கள் இப்படித்தான்.

மாணவனுக்கு நாம் முதல் வாரத்திலேயே சொல்லித்தருவது என்ன? மனம் ஒப்பவில்லையென்றால் எய்யாதே, இறக்கு. முழுதாக இழுத்த நாணின் பாரத்தை முதுகுத் தசையில் தாங்கிக்கொண்டு அந்த முடிவை எடுப்பதுதான் வில்வித்தை. கிராஸ்போவில் அந்தப் பாரத்தை விசைக்கட்டை சுமக்கிறது. அதனால் குறி சீக்கிரம் வருவது உண்மைதான். ஆனால் வருவது துப்பாக்கி சுடுபவரின் குறி.

பவுண்டுக் கணக்கிலும் பலர் ஏமாறுகிறார்கள். 150 பவுண்டு என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து, 40 பவுண்டு ரீகர்வைவிட நாலு மடங்கு பலம் என்று நினைக்கிறார்கள். அம்பைத் தள்ளுவது பாரம் மட்டும் அல்ல, நாண் ஓடும் தூரமும் சேர்ந்துதான். ரீகர்வில் நாண் ஏறக்குறைய 20 அங்குலம் ஓடும். 10 அங்குலமே ஓடும் கிராஸ்போக்கள் உண்டு. பெருக்கிப் பாருங்கள், இரண்டு மடங்குகூட வராது. ஆனால் 40 பவுண்டு வில்லின் அம்புக்குக் கட்டிய பலகைக்கு அதுவே தாங்காது.

வேட்டைக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: இங்கே வேட்டை கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்று வரையறுப்பதில் வில்லும் அம்பும் பெயர் சொல்லியே இருக்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே, 2.7 சதுர கிலோமீட்டரில், கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமானும் புள்ளிமானும் மேய்கின்றன. ஐஐடி வளாகத்திலும் திரிகின்றன. வெளிமான் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. செங்கல்பட்டுப் பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் காட்டுப்பன்றியைச் சொல்கிறார்கள். 2025 ஜனவரியில் அரசு தந்த அனுமதி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடுவதற்கு. நமக்கு அல்ல.

போட்டிக்கு? கிராஸ்போவுக்கென்று 1956-ல் தொடங்கிய தனிச் சர்வதேச அமைப்பு இருக்கிறது. 10, 30 மீட்டர்களிலும், களப்பிரிவில் 35, 50, 65 மீட்டர்களிலும் நடத்துகிறது. உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் போட்டிகளிலும் ஒலிம்பிக்கிலும் அதற்கு இடமில்லை. 2028 லாஸ் ஏஞ்சலஸில் புதிதாக நுழைவது காம்பவுண்டு கலப்பு அணிதான். விசையும் நிதானமும் பிடித்த பிள்ளைக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிளைக் காட்டுங்கள். போட்டியிட்டு மேலே போக அதில் வழி இருக்கிறது.

தோள் வலிக்கிறது, இழுக்க முடியவில்லை என்பவரிடம் மட்டும் நிதானமாகப் பேச வேண்டும். முழு இழுப்பில் பாரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடும் காம்பவுண்டை முதலில் கையில் கொடுங்கள். இரு கைகளும் இல்லாத ஷீத்தல் தேவி காலால் வில்லைப் பிடித்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ராகேஷ் குமாரோடு வெண்கலம் வென்றதைச் சொல்லுங்கள். அதுவும் இயலாதவருக்கே கிராஸ்போ.

அது நம் மண்ணுக்கு அந்நியமான கருவியும் அல்ல. சென்னை மாகாண மீன்வளத் துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1924-லேயே தென்னிந்தியாவின் ஊதுகுழல், வளரி, குறுக்குவில் மூன்றையும் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். மலபாரில் மீன் எய்யக் குறுக்குவில்லை வைத்திருந்தார்கள். எனவே அதன்மேல் எனக்கு வெறுப்பில்லை. பதினான்கு வயதுப் பையனின் முதல் வில்லாக அது வரக்கூடாது என்பதில்தான் உறுதியாக இருக்கிறேன்.

பயிற்சியாளர்களே, பெட்டியோடு வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். உட்கார வைத்து, எதற்காக வாங்கினார் என்று கேளுங்கள். எய்யுமுன் காவல் ஆணையர் அலுவலக உரிமப் பிரிவில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவரச் சொல்லுங்கள். அம்பில்லாமல் விசையைத் தட்டக்கூடாது, வில்லின் கை உடைந்துவிடும் என்று சொல்லிக்கொடுங்கள். மந்தைவெளியிலும் மாம்பலத்திலும் மொட்டை மாடியில் வைத்து எய்யலாமா என்று கேட்டால், பக்கத்து மாடியில் துணி உலர்த்துபவரை நினைத்து, கூடாது என்று சொல்லுங்கள்.